குடும்பக் குழுவில் ஒரு மஞ்சள் வேன்

பெரியப்பா: நீ சொன்ன படத்தை நேற்று ராத்திரி பார்த்து முடித்தேன் பாப்பா. லிட்டில் மிஸ் சன்ஷைன். கதை எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான்: கதை இருக்கிறதே பெரியப்பா. ஆலிவ் என்ற ஏழு வயதுப் பெண்ணுக்கு அழகிப் போட்டியில் இடம் கிடைக்கிறது. ஆல்புகர்க்கியிலிருந்து கலிஃபோர்னியாவின் ரெடோண்டோ கடற்கரை வரைக்கும் வீட்டில் உள்ள ஆறு பேரும் ஒரே வேனில் கிளம்புகிறார்கள்.

பெரியப்பா: அது பயணக் குறிப்பு. அந்தப் பெண் ஜெயிக்கவில்லை. அப்பாக்காரன் புத்தகம் போணியாகவில்லை, பையன் பைலட் ஆகவில்லை, மாமாவுக்கு வேலை போய்விட்டது, தாத்தா பாதி வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இதற்கு ஆஸ்கர் வேறு!

நான்: இரண்டு ஆஸ்கர். திரைக்கதைக்கு மைக்கேல் ஆர்ண்ட், துணை நடிகருக்கு ஆலன் ஆர்கின். அந்தத் தாத்தாதான்.

பெரியம்மா: தாத்தா நன்றாகத்தான் நடித்தார். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. நான் எழுந்து மாவாட்டப் போய்விட்டேன்.

அண்ணன்: அமெரிக்காவிலேயே அதற்கு ஆர் சான்றிதழ் பெரியம்மா. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை. பெரியப்பா போஸ்டரைப் பார்த்து ஏமாந்திருப்பார்.

அண்ணி: பெரிய மாமா, ஆரம்பத்தில் வரும் அந்தச் சாப்பாட்டுக் காட்சி உங்களுக்குப் பிடிக்கவில்லையா? காகிதத் தட்டு, வாளியில் வாங்கி வந்த பொரித்த கோழி. தினமும் இதே கோழியா என்று தாத்தா கத்துகிறார். அந்தக் குழந்தையின் மாமா மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறார். என்ன ஆயிற்று என்று குழந்தை கேட்கிறது. அப்பா பேச்சை மாற்றப் பார்க்கிறார், அம்மா சொல்லட்டும் என்கிறார். உயிரை விடப் பார்த்தேன் என்று அவரும் சொல்லிவிடுகிறார். உடனே ‘ஏன்?’ என்று அடுத்த கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு ஒரு மாதிரியாக இருந்தது.

நான்: அந்த ‘ஒரு மாதிரி’க்காகத்தான் அண்ணி நான் இந்த மாதிரிப் படங்களைத் தேடிப் பிடிக்கிறேன். நம் பழைய படங்களில் காமெடி டிராக் தனி, அழுகை தனி. இதில் இரண்டும் ஒரே தட்டில் கிடக்கிறது. பேசாத பையன் டுவெயினின் அறையில்தான் அந்த மாமா படுக்க வேண்டும். அவன் நோட்டில் எழுதிக் காட்டுகிறானே, இன்று ராத்திரி தயவுசெய்து தற்கொலை செய்துகொள்ளாதீர்கள் என்று. அது அக்கறையா, எரிச்சலா? எனக்கு இரண்டுமாகத்தான் தெரிந்தது.

சித்தப்பா: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். அந்த வண்டி பழைய ஃபோக்ஸ்வாகன் பஸ், எஞ்சின் பின்னால் இருக்கும். க்ளட்ச் போனால் நின்ற இடத்திலிருந்து முதல் கியரில் கிளப்ப முடியாது. தள்ளிவிட்டு பதினைந்து இருபது மைல் வேகம் வந்ததும் மூன்றாவது கியரைப் போட்டால் பிடித்துக்கொள்ளும், அப்புறம் நாலாவது. படத்தில் மெக்கானிக் சொல்கிறது சரிதான்.

நான்: அது எழுதியவர் வீட்டிலேயே நடந்தது சித்தப்பா. ஆர்ண்ட் சின்ன வயதில் க்ளட்ச் போன அதே மாதிரி வண்டியில் குடும்பத்தோடு போயிருக்கிறார்.

சித்தப்பா: அதானே பார்த்தேன். உட்கார்ந்த இடத்தில் யோசித்து எழுதியிருந்தால் டயர் பஞ்சராகியிருக்கும்.

சித்தப்பா: இன்னொன்று. பஞ்சர் என்றால் ஒருவர் இறங்கிப் பார்த்துக்கொள்வார். க்ளட்ச் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பவனும் இறங்கித் தள்ள வேண்டும், ஓடிவந்து தொற்றிக்கொள்ள வேண்டும். ஒற்றுமை பற்றி ஒரு வசனமும் தேவைப்படவில்லை பாருங்கள்.

தம்பி: ஹாரன் மாட்டிக்கொண்டு தானாக அடிக்கிற இடம்! டிக்கியில் தாத்தாவின் உடல், பின்னால் போலீஸ். அந்தப் போலீஸ்காரர் ஏன் சிரித்துக்கொண்டே விட்டார் என்று இங்கே எழுத முடியாது. பெரியம்மா இருக்கிறார்.

பெரியம்மா: அதற்குள் மாவாட்டி முடித்துவிட்டேன். பார்த்தேன்.

அண்ணன்: படம் நல்ல படம்தான். என் குறை வேறு. இதை எடுத்தது சுமார் 80 லட்சம் டாலரில். 2006 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ஃபாக்ஸ் சர்ச்லைட் என்ற படக் கம்பெனி 1 கோடியே 5 லட்சம் டாலருக்கு வாங்கியது. உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட 10 கோடி டாலர் வசூல். அதோடு பிடித்தது சனி. ஒரு கிறுக்கு மாமா, கையால் கிறுக்கிய தலைப்பு, பின்னால் ஒரு கித்தார் என்று வரிசையாக வர ஆரம்பித்துவிட்டது. அடுத்த வருஷமே ஜூனோ என்று ஒரு படம். அதே கம்பெனி. அதில் கதாநாயகிப் பெண் வைத்திருப்பது பர்கர் வடிவத்தில் ஒரு போன். எதற்கு?

அண்ணி: உங்கள் அண்ணன் பாதிதான் சொல்கிறார். அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது, கர்ப்பம். கருக்கலைப்பு மையத்துக்கு அவள் பேசுவது அந்த பர்கர் போனில்தான். விளையாட்டுச் சாமானை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சைப் பேச வேண்டிய வயது அது. சாதாரண போன் என்றால் அந்தக் காட்சி எனக்கு நினைவிலேயே இருந்திருக்காது.

அண்ணன்: அந்த ஒரு போனை விட்டுவிடுகிறேன்.

நான்: அண்ணன் திட்டுவது பின்னால் வந்த நகல்களைத்தான். கிறுக்குத்தனம் ஒட்டுப் பொட்டு மாதிரி மேலே இருந்தால் எனக்கும் பிடிக்காது. இதில் டுவெயின் பைலட் ஆகிறவரை பேசமாட்டேன் என்று மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். முதலில் வேடிக்கை. ஓடுகிற வேனில் தான் நிறக்குருடு, பைலட் ஆக முடியாது என்று தெரிந்ததும் அத்தனை நாள் மௌனமும் வீண். அப்போது கத்துகிறானே, அந்தக் கத்தலுக்காகத்தான் அதுவரை வேடிக்கை காட்டியிருக்கிறார்கள்.

பெரியப்பா: அந்த இடம் எனக்கும் பிடித்தது. அம்மா போய்க் கெஞ்சுகிறாள், அசையவில்லை. சின்னப் பெண் சரிவில் இறங்கிப் பக்கத்தில் போய்க் குந்துகிறாள், தோளில் சாய்ந்துகொள்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் எழுந்து வந்துவிடுகிறான். மேடேறும்போது அவளைத் தூக்கிவிடுகிறான். நம்மாட்கள் எடுத்திருந்தால் அங்கே பத்து நிமிடம் அறிவுரை இருக்கும்.

தம்பி: காக்கா முட்டையில் இல்லையே பெரியப்பா. ஆயா தோசை மேலே காயைத் தூவி பீட்சா என்று கொடுப்பார். கடைசியில் நிஜ பீட்சா கிடைத்ததும் இதற்கு ஆயா தோசையே பரவாயில்லை என்பார்கள் பையன்கள். அறிவுரையே கிடையாது.

பெரியப்பா: அதில் கதை இருந்தது.

நான்: அங்கே பீட்சா, இங்கே மேடை. அவ்வளவுதான் வித்தியாசம். மேடை ஏறிய பிறகு தாத்தா சொல்லிக்கொடுத்த ஆட்டத்தை அந்தப் பெண் ஆடுகிறாள், அரங்கமே முகம் சுளிக்கிறது. நிறுத்தச் சொன்னதும் வீட்டார் ஒவ்வொருவராக ஏறி அவளோடு ஆடுகிறார்கள். யாருக்கும் ஆடத் தெரியவில்லை.

அண்ணி: மற்ற போட்டிக் குழந்தைகள் எல்லாம் நிஜமாகவே அப்படிப் போட்டிகளுக்குப் போகிறவர்களாம். அந்த அலங்காரத்தைப் பார்த்து எனக்குத்தான் முகம் சுளித்தது. ஆலிவ் ஆட்டம் எவ்வளவோ மேல்.

பெரியப்பா: சரி, அடுத்தது ஒன்று சொல்லுங்கள்.

அண்ணி: ஜூனோ பாருங்கள் பெரிய மாமா. ஒன்றரை மணி நேரம்தான்.

பெரியப்பா: பாட்டு உண்டா?

அண்ணன்: கித்தார் உண்டு பெரியப்பா. நிறையவே உண்டு.