மறு: கம்பியை இறுக்கும் சின்னத் திருகாணிக்கு என்ன பெயர்? "கவ்வாணி" சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் யோசித்து எழுதியதற்கு நன்றி. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். முடிவு சொல்வதற்கு முன்னால் இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சில பரிந்துரைகள் பொருளைப் பார்க்காமல் வந்தவை என்று தோன்றுகிறது.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சேட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா டர்பன் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு பழைய இங்கிலாந்து பொம்மை ரயில் இருக்கிறது. பலகையில் தண்டவாளம் பதித்து, தடம் பிரிகிற இடத்தில் எல்லாம் சின்ன மின்காந்தச் சுருள் வைத்து, ஓரத்தில் உள்ள பெட்டியில் பொத்தானை அழுத்தினால் தடம் டக்கென்று மாறும். அந்தப் பெட்டியின் பின்பக்கத்தில் கம்பிகளை இறுக்கிப் பிடிக்கும் ஆறு திருகாணிகள். அதில் நான்கு காணாமல் போய்விட்டன, மிச்சம் இரண்டும் துருவேறி இருந்தன. கடற்காற்று அடிக்கிற ஊரில் இரும்பு ஆணி வைத்தால் அப்படித்தான் ஆகும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் நான்கு பேர் அதைச் சரி செய்ய உட்கார்ந்தார்கள், "இதைத் தமிழில் எப்படிச் சொல்வது டீச்சர்" என்று கேட்டார்கள், என்னால் உடனே சொல்ல முடியவில்லை.

"முனைய இணைப்புத் திருகு" என்று எழுதிய ஐயாவுக்கு: பொருள் சரிதான். ஆனால் பிள்ளைகள் கையில் திருப்புளியை வைத்துக்கொண்டு "அந்த முனைய இணைப்புத் திருகைக் கொடு" என்று கேட்க மாட்டார்கள், ஸ்க்ரூ என்றுதான் கேட்பார்கள்.

யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன "ஆளித் திருகாணி" எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்விட்சுக்கு ஆளி என்று நீங்கள் புழங்குவது எங்களுக்கும் வரவேண்டும். சிக்கல் என்னவென்றால் அந்த ஒரே பெட்டியில் மூன்று வகைத் திருகாணி இருக்கிறது: பெட்டியைப் பலகையில் பொருத்துவது, மூடியை மூடுவது, கம்பியைப் பிடிப்பது. மூன்றுமே ஆளித் திருகாணிதானே? எது தொலைந்தது என்று அந்தப் பெயர் சொல்லாது.

"பாயிண்ட் ஆணி" என்று ஒருவர் எழுதியிருந்தார். தடம் பிரிகிற இடத்துக்கு ரயில்வேயில் பாயிண்ட் என்று பெயர். தமிழ்நாட்டு ரயில்வேக்காரர்களுக்கு அது புரியும், டர்பனில் மட்டும் ஆகாது. இங்கே பாயிண்ட் என்றால் துறைமுகப் பக்கத்து இடம். தென்னாப்பிரிக்காவின் முதல் ரயிலே 1860 ஜூன் 26 அன்று அந்தப் பாயிண்டுக்கும் டவுனுக்கும் நடுவே ஓடியதுதான். அதே வருஷம் நவம்பரில்தான் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து நம் முன்னோர் இங்கே இறங்கினார்கள். எங்கள் தாத்தாவிடம் பாயிண்ட் ஆணி என்று சொன்னால் துறைமுகத்தில் எந்த ஆணி என்று கேட்பார். தடம் மாற்றுகிற பகுதிக்குத் தடமாற்றி என்றே வைத்துக்கொள்வோம், அதில் யாருக்கும் மறுப்பு இல்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் "மரையாணி". நான்கு பேர் இதைத்தான் ஆதரித்தீர்கள், நானும் முதலில் இதற்குத்தான் சாய்ந்தேன். மரை, அதாவது ஆணியைச் சுற்றி ஓடும் திருகு வரி, பட்டறையில் தினமும் புழங்கும் சொல், "மரை தேய்ந்துவிட்டது", "மரை கழண்டவன்" என்று பேச்சிலும் ஊறியது. ஆனால் வகுப்பில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பெட்டியைப் பலகையில் பொருத்துவதை மர ஆணி என்றும் கம்பியைப் பிடிப்பதை மரையாணி என்றும் சொல்லிக்கொடுத்தேன். ஐந்தே நிமிஷத்தில் ஒரு பையன் மரத்துக்கான கூர் முனை ஆணியை எடுத்துப் பித்தளைத் துளையில் வைத்துத் திருப்ப ஆரம்பித்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை. எழுதிப் பார்த்தால் இரண்டும் வேறு, காதில் விழுந்தால் ஒன்றுதான். இங்கே பிள்ளைகள் தமிழை முக்கால்வாசி காதால்தான் கற்கிறார்கள். ஆகவே கலைச்சொல்லில் மரையை விட்டுவிட்டு "புரி" என்றே எழுதலாம் என்பது என் கருத்து. பள்ளிப் பாடத்தில் திருகு அளவிக்குப் "புரியிடைத் தூரம்" (ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் நடுவே உள்ள தூரம்) என்று ஏற்கெனவே படித்திருக்கிறோம், அதோடும் ஒட்டிப்போகும். பேச்சில் மரை இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தப் புரி விஷயத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடையில் போய்க் கேட்டதற்கு 2 மி.மீ. மெட்ரிக் திருகாணி கொடுத்தார்கள். பார்க்க அச்சு அசல் அதே போலத்தான் இருந்தது. துளையில் விட்டால் லொடலொடவென்று ஆடியது, இறுக்கினால் புரியைத் தின்றுவிடும் என்று பயந்து எடுத்துவிட்டேன். பிறகு ஒருவர் தன்னிடம் இருந்த அமெரிக்க 2-56 ஒன்றைத் தந்தார், அதாவது எண் 2 பருமன், அங்குலத்துக்கு 56 புரி. அது இரண்டு மூன்று சுற்று அழகாகப் போனது, அப்புறம் கல் மாதிரி நின்றுவிட்டது. கடைசியில் மிச்சமிருந்த பழைய ஆணி ஒன்றைத் துருவைச் சுரண்டிவிட்டு, பூதக்கண்ணாடிக்கு அடியில் அளவுகோலோடு வைத்துப் பிள்ளைகளை எண்ணச் சொன்னேன். 6 மி.மீ. நீளத்தில் 14 புரி. மெட்ரிக் என்றால் 15 இருக்க வேண்டும், அமெரிக்க அளவு என்றால் 13-ஐக் கொஞ்சம் தாண்டும். பதினான்கு வந்தால் அது பி.ஏ. எட்டு.

பி.ஏ. என்பது பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற இங்கிலாந்து அறிவியல் சங்கம். 1884-இல், சுவிஸ் நாட்டுத் தூரி என்பவரின் புரி அளவை அடிப்படையாக வைத்து, சின்னக் கருவிகளுக்கென்றே அவர்கள் பரிந்துரைத்த வரிசை. எண் 0-க்குப் புரியிடை 1 மி.மீ., பருமன் 6 மி.மீ. அடுத்தடுத்த எண்ணுக்குப் புரியிடை முந்தியதில் பத்தில் ஒன்பது பங்கு. அப்படியே எட்டு முறை குறைத்தால் 0.43 மி.மீ. வரும், பருமன் 2.2 மி.மீ. எண் கூடக் கூட ஆணி சிறுக்கும், அமெரிக்க வரிசையில் எண் கூடினால் ஆணி பெருக்கும். இதைப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்கவே ஒரு வகுப்பு ஆனது. பழைய இங்கிலாந்து ரேடியோ, தொலைபேசி, மின்னளவிகள் எல்லாவற்றிலும் இந்த பி.ஏ. ஆணிகள்தான். ஆகவே உங்களில் யாருக்காவது இதே தொல்லை இருந்தால் முதலில் பழைய பொருள்களைக் கிண்டுங்கள். எனக்கு வேண்டிய பித்தளை ஆணிகள் உடைந்துபோன ஒரு வோல்ட்மீட்டரில் கிடைத்தன.

"திருகாணி" நகைச் சொல், அதைத் தொழில்நுட்பத்துக்கு இழுக்காதீர்கள் என்று எழுதிய அம்மாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நடுவில் வேறு வழியில்லாமல் இங்குள்ள பழைய கிரே ஸ்ட்ரீட்டில், இப்போதைய டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட்டில், தெரிந்த நகை ஆசாரி ஒருவரிடம் அந்த ஆணியைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, தோட்டுத் திருகாணியை நாங்கள் அந்தந்தத் தோட்டுக்கென்று வெட்டுவோம், இடது காதினது வலது காதுக்குப் போகாது என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. திருகாணி என்ற சொல் நம் வீட்டில் பிறந்தது, மூக்குத்தி போட்ட ஒவ்வொரு பாட்டிக்கும் தெரியும், அதை விடவே கூடாது. தோட்டுத் திருகாணிக்கு அந்தத் தோடே அளவு, பெட்டித் திருகாணிக்கு அளவை எண்ணால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். பொதுப் பெயராகத் திருகாணியை வைத்துக்கொள்வோம்.

சரி, கம்பியைப் பிடிக்கிற இந்த ஒன்றுக்குத் தனிப்பெயர்? நான் முன்மொழிவது "கவ்வாணி". கவ்வுகிற ஆணி, கவ்விய ஆணி, கவ்வும் ஆணி, முக்காலமும் அடங்கிய வினைத்தொகை. அது செய்கிற வேலையும் அதுதான். கம்பி நுனியின் உறையை உரித்து, குறட்டால் கொக்கி போல் வளைத்து, ஆணியின் கழுத்தில் மாட்டித் திருப்பும்போது தலை இறங்கி வந்து கம்பியைக் கவ்வுகிறது. கொக்கியை வலஞ்சுழியாக மாட்ட வேண்டும், அப்போதுதான் இறுக்க இறுக்கக் கம்பி உள்ளே இழுபடும். இடஞ்சுழியாக மாட்டினால் வெளியே பிதுங்கும். இந்தப் பிடி தளர்ந்தால் பொத்தானை அழுத்தும்போது பொறி பறக்கும், சுருளுக்குப் போதிய மின்சாரம் போகாது, தடம் பாதியில் நிற்கும், வண்டி கவிழும். எங்கள் தாத்தாவின் ரயில் ஒரு வருஷமாகக் கவிழ்ந்ததற்கு இதுதான் காரணம்.

"கவ்வு" என்றால் நாய் கவ்வுவது நினைவுக்கு வருகிறதே என்று யாராவது கேட்கலாம். வரட்டும். அந்த நினைவுதான் பிள்ளைகளுக்குச் சொல்லைப் பதிய வைத்தது. கற்றுக்கொடுத்த அன்றே ஒருத்தி "இந்தக் கவ்வாணி கவ்வலை டீச்சர்" என்றாள்.

தீப்பெட்டி ஒன்றில் மிச்ச ஆணிகளைப் போட்டு மேலே இப்படி எழுதி ஒட்டியிருக்கிறேன்: "கவ்வாணி, பித்தளை, பி.ஏ. புரி எண் 8, நீளம் 6 மி.மீ." இதைப் படித்துவிட்டு உங்கள் ஊரில் ஒருவர் சரியான ஆணியை எடுத்துவிட முடியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். எங்கே இடறுகிறது என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம். மின்பணியாளர்கள் யாராவது இந்தக் குழுவில் இருந்தால் அவர்கள் கருத்துதான் எனக்கு முக்கியம்.

ஆணித் தலைக்கு அடியில் போடுகிற வாஷருக்கும் ஒரு சொல் வேண்டும். அதைத் தனி இழையில் கேட்கிறேன்.