அப்பத்தா வீடு குழு: கொட்டலசும் தென்னை வண்டும்

பாம்பன் மாமா: [படம்] மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை. படகைக் கரையேற்றிவிட்டோம். அடியில் கொட்டலசு (barnacle), ஓட்டோடு ஒட்டிக்கிடக்கிற கடல் உயிர், எப்படி அப்பியிருக்கிறது பாருங்கள்.

பாப்பா: மாமா, இது சிப்பி வகைதானே?

மண்டபம் சித்தி: இல்லடா. நண்டு, இறால் வம்சம். தூரத்துச் சொந்தம் பார்த்தால், தென்னையைத் துளைக்கிற காண்டாமிருக வண்டுக்கும் பங்காளி.

உச்சிப்புளி அத்தை: ஏம்மா, இது கல் மாதிரி கிடக்கிறது, அது பறக்கிறது. எப்படிச் சொந்தமாகும்? எங்கள் தோப்பில் மூன்று கன்றுக்குக் குருத்தே போச்சு.

மண்டபம் சித்தி: வண்டின் காலைப் பாருங்கள் மதினி, மூட்டு மூட்டாக இருக்கும். கொட்டலசுக்கும் அதே மூட்டுக்கால், ஓட்டுக்குள் மடங்கிக் கிடக்கும். அண்ணே, அலையடிக்கிற கல் ஒன்றை அப்படியே எடுத்துக் கடல்தண்ணீர் வாளியில் போட்டு, அசைக்காமல் பாருங்கள்.

பாம்பன் மாமா: [வீடியோ] திறந்துவிட்டது! உச்சியில் கதவு மாதிரி பிளந்து, இறகு போல ஒன்று வெளியே வந்து தண்ணீரை அள்ளி அள்ளி உள்ளே போகிறது. முப்பது வருடமாகச் சுரண்டுகிறேன், இதைப் பார்த்ததே இல்லை.

மண்டபம் சித்தி: இறகு இல்லை அண்ணே, கால்தான். ஆறு ஜோடி. வண்டுக்கு மூன்று ஜோடி, நடப்பதற்கு. இதற்குக் காலே வலை. பிறக்கும்போது கடலில் நீந்துகிற பொடிக் குஞ்சு. தோல் உரித்து உரித்து வளர்ந்து, தோதான இடம் பார்த்து, உணர்கொம்பிலிருந்து பசை விட்டுத் தலையை ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆயுசுக்கும் அங்கேதான்.

பாப்பா: அப்போ தலைகீழாக நின்று காலால் சாப்பிடுகிறதா!

மண்டபம் சித்தி: ஆமாம். வண்டும் உருமாறித்தான் வருகிறது. எருக்குழியில் புழுவாகக் கிடந்து, கூட்டுப்புழுவாகி, சிறகோடு வெளியே வரும். முன்சிறகு இரண்டும் கெட்டியான மூடி. கொட்டலசின் சுவர் மட்டும் சுண்ணாம்பு, அதனால் பெரிய அறிஞர்களே சிப்பி இனத்தில் சேர்த்துவிட்டார்கள். 1830இல் ஜான் வாகன் தாம்சன் என்ற ஆய்வாளர் அந்தக் குஞ்சு உருமாறுவதைக் கண்டு சொன்ன பிறகுதான் தெரிந்தது.

சென்னை அண்ணன்: டார்வின் கல்லூரி நாளில் வண்டு சேகரிப்பதில் பித்தாக இருந்தார். 1846 முதல் எட்டு வருடம் கொட்டலசையே ஆராய்ந்தார். இரண்டையும் கையில் வைத்துப் பார்த்த மனிதர்.

மண்டபம் சித்தி: இன்னொன்று தம்பி. மரபணுவை வைத்துப் பார்த்தால், நண்டு இறால் வம்சத்தின் ஒரு கிளையிலிருந்துதான் பூச்சிகளே பிரிந்திருக்கின்றன. எனக்கு இதை நினைத்தால் இன்னமும் சிலிர்க்கும்.

உச்சிப்புளி அத்தை: [படம்] குருத்திலிருந்து கம்பியால் எடுத்த வண்டு. ஆறு கால், எல்லாவற்றிலும் மூட்டு. நீ சொன்னது சரிதான் தாயி.

பாம்பன் மாமா: கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். படகில் இருப்பதைச் சுரண்டித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் டீசல் கட்டாது.