புள்ளி சேர்த்தால் குதிரை: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கவுண்டர்க்காரன்

சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலை மூடப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்த சமயத்தில் ஒரு உறுப்பினர் அட்டைக்காரர்கள் பரிசுப் பட்டியலில் குதிரையைப் போட்டார்களே, அதே விஷயம்தான். பெயர் வேண்டாம். நான் அவர்கள் கவுண்டரில் இருந்தேன். பொம்மைக் குதிரை இல்லை, சவாரி வவுச்சர் இல்லை, ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை, உயிரோடு. அரிசிக் குக்கருக்கும் பயணப் பெட்டிக்கும் கீழே அதே அளவுப் படத்தில் நின்றுகொண்டிருந்தது. பல லட்சம் புள்ளிகள் வேண்டும், யாரும் எடுக்கமாட்டார்கள், நாலு பேர் பேசுவார்கள். மேலிடத்தின் கணக்கு அவ்வளவுதான்.

ஒரு பெரியவர் எடுத்துவிட்டார். பிள்ளைகள், மருமகள், எல்லார் அட்டையிலும் இருந்த புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் தேக்காவில் வாங்கிய கொள்ளுப் பொட்டலம்.

எங்கள் கணினியில் எல்லாப் பரிசுக்கும் ஒரே படிவம். புளோக் எண், மாடி, வீட்டு எண். காலை 9 முதல் 1 வரையா, மதியம் 2 முதல் 6 வரையா. அதெல்லாம் முடிந்ததும் கடைசியாக ஒரு கேள்வி: “வீட்டில் யாரும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கொடுக்கலாமா?” அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. வேறு வழியில்லாமல் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “பக்கத்து வீட்டு அம்மா பயப்படும். கீழே கோப்பிக்கடையில் என் தம்பி இருப்பான், அவன்கிட்ட குடுங்க” என்றார்.

அப்புறம் பல்லைப் பார்த்தீர்களா என்று கேட்டார். படம் மட்டும்தான் பார்த்தேன் என்றேன். கொள்ளுப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். “அங்க இருக்கிறவங்ககிட்ட சேர்த்துடுங்க. ராத்திரியே ஊறப்போடச் சொல்லுங்க, காய்ஞ்சதைப் போட்டா வயித்தைப் பிடிச்சுக்கும்.”

மேலதிகாரி பிறகு தொலைபேசியில் பேசி வவுச்சர்களாக மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று கேள்வி. என்ன சொல்லிச் சமாளித்தார் என்று தெரியாது. அந்தப் படிவம் மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை. உங்களில் யாராவது நிஜமாகவே குதிரையை வாங்கியதுண்டா?

உட்லண்ட்ஸ் வாசி

நிஜக் குதிரை என்று சொல்லி எல்லாரையும் குழப்பாதீர்கள். இப்படிப்பட்ட திட்டங்களில் கிடைப்பது பங்கு. குதிரையைப் பத்து இருபது பேராகப் பிரித்துக்கொள்வது. எனக்கும் வேறொரு அட்டையில் அப்படித்தான் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு கால்கூடத் தேறாது. சான்றிதழ், தொப்பி, லாயத்துக்குப் போய்ப் பார்க்க அனுமதி. பொடி எழுத்தில் ஒரு வரி: முதல் சில மாதச் செலவு அவர்களுடையது, பிறகு பங்குக்கு ஏற்ப நம்முடையது.

மனைவியோடு விடியற்காலையில் கிராஞ்சிக்குப் போனேன். நம் குதிரையை அப்போதுதான் ஓடவிட்டுக் கொண்டுவந்து குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். முதுகிலிருந்து ஆவி பறந்தது. அதன் பெயர் நாக்கில் நுழையாத ஏதோ இங்கிலீஷ் பெயர். பார்த்துக்கொண்ட சைஸ் (லாயத்தில் குதிரையைப் பராமரிப்பவர்) நம்ம ஊர்க்காரர், குனிந்து முழங்காலைத் தட்டி, “டேய் ராசா, காலைத் தூக்குடா” என்றார். தூக்கியது. குளம்பில் அப்பியிருந்த மண்ணைக் கொக்கியால் கெல்லி எடுத்துவிட்டு, “அடுத்தது” என்றார். அடுத்த காலைத் தூக்கியது. என் மகன் நான் சொன்னால் காதிலேயே வாங்கமாட்டான்.

மாதாமாதம் பில் வர ஆரம்பித்ததும் பங்கை இன்னொரு நண்பர் தலையில் கட்டிவிட்டேன். அவர் என்னோடு பேசுவதில்லை, அது தனிக்கதை.

சைஸ் மகள்

உட்லண்ட்ஸ் வாசி அண்ணன் பார்த்தவர் என் அப்பாவின் கூட்டாளியாக இருக்கலாம். அப்படிப் பேசுகிறவர்கள் கடைசிக் காலத்தில் அதிகம் பேர் இல்லை.

அப்பா புக்கிட் தீமா லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1933-இல் ஃபேரர் பார்க்கிலிருந்து புக்கிட் தீமாவுக்கு வந்த பந்தயத் திடல் 1999-இல் கிராஞ்சிக்குப் போனதல்லவா, அந்த மாற்றத்தின்போது நடந்தது இது. ஒரு குதிரை முதலாளி, பழைய குதிரை ஒன்றை இத்தனை வருட விசுவாசத்துக்காக அப்பாவுக்கே கொடுத்துவிடுகிறேன் என்றார். புள்ளி இல்லை, அட்டை இல்லை, ஆனால் இங்கே பேசுவதும் அதைத்தானே.

அந்தக் குதிரைக்கு வேர்வை அடைத்துப் போயிருந்தது. குளிர் நாட்டிலிருந்து வரும் குதிரைகள் சிலவற்றுக்கு நம் வெக்கையில் இப்படி ஆகும். ஓடிவிட்டு வந்து நிற்கும், மேலே ஒரு சொட்டு ஈரம் இருக்காது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடும், விலா ஏறி இறங்கும், முகத்தில் மயிர் உதிரும். வேர்க்காத குதிரையால் உடம்புச் சூட்டை வெளியேற்ற முடியாது. அப்பா ஐஸ் தண்ணீரில் சாக்கை நனைத்து அதன் கழுத்தில் போட்டு, மின்விசிறியை முன்னால் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்தால் லுங்கியில் தைல வாடை அடிக்கும். அம்மா திட்டுவார், எங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது இப்படி உட்கார்ந்தாயா என்று.

முதலாளி அதைக் கொடுக்கிறேன் என்றதும் நாங்கள் பிள்ளைகள் குதித்தோம். அப்பா கையைக் கட்டிக்கொண்டு சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: “குடுக்கிறதுன்னா லாயத்தோட குடுங்க, துவான்.” முதலாளி சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அத்தோடு பேச்சு முடிந்தது. யானையைக் கட்டித் தீனி போட நம்மால் ஆகுமா என்று ராத்திரி அம்மாவிடம் மட்டும் சொன்னார்.

அங் மோ கியோ அண்ணன்

என் பெரியப்பா மகனுக்கு நிறுவன விருந்தின் அதிர்ஷ்டக் குலுக்கில் “ஒரு குதிரை” விழுந்தது. மேடைக்குப் போனான், கடிவாளத்தைக் கையில் கொடுத்தார்கள், மறுமுனையில் ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் இங்கே எழுதியவர்கள் முக்கியமானதைச் சொல்லவில்லை. முதலில் வீட்டு விஷயம். வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டில், அனுமதிக்கப்பட்ட இனத்தில் நாய் ஒன்று, 2024 செப்டம்பர் முதல் பூனை இரண்டு. குதிரை எந்தப் பட்டியலிலும் கிடையாது. தரைவீட்டுக்காரர்களும் சந்தோஷப்பட வேண்டாம், கார் நிறுத்தும் இடத்தில் கட்டிவைக்கும் பிராணி இல்லை அது. 2019 ஏப்ரலிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொள்வது தேசியப் பூங்காக் கழகத்தின் கீழுள்ள விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை. எதற்கும் முதலில் அங்கே கேளுங்கள்.

அடுத்தது தீனி. 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 10 கிலோ அளவுக்கு உலர்புல் வேண்டும். நம் ஊரில் மேய்ச்சல் நிலம் ஏது, புல்லும் கடல் தாண்டித்தான் வருகிறது. தண்ணீர் 30 லிட்டருக்கு மேல். குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவிவிட வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் வயிற்றில் கோளாறு வந்தால் அது உயிர்ப் பிரச்சினை. கவுண்டர்க்காரன் சொன்ன பெரியவர் அந்த விஷயத்தில் சரியாகத்தான் பேசியிருக்கிறார். 25, 30 வயது வரை வாழும். பந்தயத்திலிருந்து 7, 8 வயதில் விலக்கினால் மிச்ச ஆயுளுக்கு யார் பொறுப்பு? புக்கிட் தீமா சேடல் கிளப்பை 1951-இல் ஆரம்பித்ததே ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்கு ஒரு போக்கிடம் வேண்டும் என்றுதான். எல்லாவற்றையும் அங்கேயே அனுப்ப முடியுமா?

மூன்றாவது, பெரியவர் வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். 1996-இல் அமெரிக்காவில் பெப்சி விளம்பரத்தில் 70 லட்சம் புள்ளிக்கு ஹேரியர் போர் விமானம் என்று காட்டினார்கள். ஒரு மாணவர், குறையும் புள்ளிகளைக் காசு கொடுத்து வாங்கலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு ஏழு லட்சம் டாலருக்குக் காசோலையே அனுப்பினார். 1999-இல் நீதிமன்றம், அது வேடிக்கை, புத்தியுள்ளவர் யாரும் அதை நிஜமான வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளமாட்டார் என்று தள்ளுபடி செய்தது. ஆகவே இதுபோன்ற பரிசைப் பார்த்தால் (அ) படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், (ஆ) பராமரிப்பு யார் செலவு என்று எழுத்தில் கேளுங்கள், (இ) புள்ளி காலாவதியாகும் தேதியைப் பாருங்கள், (ஈ) ரொக்கமாக மாற்ற முடியுமா என்று

பிளாக் பூனை

அண்ணே, இதெல்லாம் யார் கேட்டது?

அந்த வழக்கும் இதுவும் ஒன்றா? போர் விமானத்தைக் கோப்பிக்கடையில் இறக்கமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். குதிரை அப்படி இல்லை. கிராஞ்சியில் நூற்றுக்கணக்கில் நின்றுகொண்டிருந்தன, எங்கே அனுப்புவது என்று ஆளுக்கு ஆள் தவித்துக்கொண்டிருந்தார்கள். அலங்காநல்லூரில் மாடு பிடித்தவருக்குக் கன்றோடு பசு கொடுத்தால் அதை யாராவது வேடிக்கை என்று சொல்வார்களா? அவர் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். பெரியவர் அந்த ஊர் நியாயத்தில்தான் கவுண்டருக்கு வந்திருக்கிறார்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று இனி யாராவது வருவீர்கள். இது தானம் இல்லை. குடும்பமே வருஷக்கணக்கில் அரிசியும் எண்ணெயும் வாங்கிச் சேர்த்த புள்ளி. பல்லையும் பார்க்கலாம், வாலையும் பார்க்கலாம்.

பரிசாக வந்த பிராணியை என்ன செய்வது என்பது நமக்குப் பழைய தலைவலிதான். குமணன் கொடுத்த யானையைப் பெருஞ்சித்திரனார் வீட்டுக்கா கொண்டுபோனார்? தன்னை மதிக்காத இளவெளிமான் ஊர்க் காவல் மரத்தில் கொண்டுபோய்க் கட்டினார். கவுண்டர்க்காரன், அந்த மேலதிகாரியின் வீடு எங்கே இருக்கிறது?

என் அனுபவம் ஒன்றும் இல்லை. படிக்கத்தான் வந்தேன்.

தேக்கா ராணி

2014 குதிரை வருஷம். நான் அப்போது ஒரு பேரங்காடியின் விளம்பரப் பிரிவில் இருந்தேன். சீனப் புத்தாண்டுக்கு அதிகப் புள்ளி சேர்த்த உறுப்பினருக்குக் குதிரை என்று முதலில் ஒருவர் சொன்னார். சட்டப் பிரிவு அதைக் குட்டையாக வெட்டி மட்டக்குதிரை ஆக்கியது, இன்னொரு கூட்டத்தில் மட்டக்குதிரையோடு படம் எடுத்துக்கொள்வது ஆக்கியது. அனுமதிக் கடிதங்கள் எல்லாம் கையில் இருந்தன, அங் மோ கியோ அண்ணன் கவலைப்பட வேண்டாம்.

மட்டக்குதிரை சரக்கு வாசல் வழியாக வந்தது. சிவப்புப் பட்டு, கழுத்தில் மணி. எங்கள் தரை பளிங்கு, முந்தின இரவு மெருகு போட்டிருந்தார்கள், மேலே இருந்த விளக்கெல்லாம் கீழே தெரிந்தது. அது வாசலில் நின்று குனிந்து பார்த்தது. ஒரு காலை நீட்டி நுனிக் குளம்பால் தொட்டது. சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டது. தண்ணீர் என்று நினைத்ததோ, பள்ளம் என்று நினைத்ததோ. கேரட் காட்டினோம், பின்னாலிருந்து தள்ளினோம், அசையவில்லை. உள்ளே மேடையில் சிங்க நடனக் குழு மேளத்தை ஆரம்பித்துவிட்டது. காதிரண்டும் பின்னால் போய் ஒட்டிக்கொண்டன, பராமரிப்பாளர் பெண் எங்களைத் தள்ளிப் போகச் சொன்னார்.

கடைசியில் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து ரப்பர் விரிப்புகளைக் கடன் வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டோம். பின்னால் இருந்ததை எடுத்து முன்னால் போட, அது ஒரு அடி வைக்க, மறுபடி எடுத்துப் போட. நீரூற்று வரை வந்துவிட்டது. அங்கே சாணி போட்டது. பரிசு பெற்றவர் சாணியில்தான் அதிர்ஷ்டம் என்று பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அவருடைய மகள் மட்டும், “அப்பா, அது வீட்டுக்குப் போகணும்னு சொல்லுது” என்று அழுதுகொண்டே இருந்தாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஆனால் இன்னும் ஒரு மணி நேரம் ஒப்பந்தத்தில் இருந்தது.

நெற்றிச்சுட்டி

இப்போதுதான் இதைப் பார்த்தேன். உட்லண்ட்ஸ் வாசி சொன்ன மாதிரிப் பங்குதான் எனக்கும், ஆனால் நான் விற்கவில்லை. 2024 அக்டோபர் 5 கடைசிப் பந்தயம் முடிந்த பிறகு ஒரு கடிதம் வந்தது. வேறு நாட்டுக்கு அனுப்பி ஓடவிடுவதா, ஓய்வா, பங்கை விட்டுக்கொடுப்பதா, டிக் அடிக்கவும். ஓய்வு என்று அடித்தேன். நியூசிலாந்தில் ஒரு பண்ணை. அவ்வப்போது படம் அனுப்புவார்கள்.

போன மாதம் வந்த படத்தில் ஏதோ இடித்தது. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நம்முடையதற்கு முன் இடது காலில் கணுக்கால் வரை வெள்ளை உண்டு. புதுப் படத்தில் நாலு காலும் ஒரே பழுப்பு. நெற்றி வெள்ளையும் சின்னதாகத் தெரிகிறது. நரியைப் பரியாக்கிய கதை கேட்டிருக்கிறோம், இது பரியைப் பரியாக்கியது போல. கேட்டு மின்னஞ்சல் போட்டேன், “உங்கள் குதிரை நலமாக இருக்கிறது” என்று பதில் வந்தது. எந்தக் குதிரை என்று சொல்லவில்லை.

வயதானால் கால் வெள்ளை மறைந்துபோகுமா? தெரிந்தவர்கள் சொல்லவும்.

சைஸ் மகள்

மறையாது அண்ணே. குளிர்காலத்தில் மயிர் அடர்ந்தால் ஓரம் கொஞ்சம் மங்கும், சேறு பட்டாலும் தெரியாது, ஆனால் மொத்தமாகப் போகாது. மறுபடி மின்னஞ்சல் போட்டு, கழுத்தில் இருக்கும் மைக்ரோசிப் எண்ணைப் படித்து அனுப்பச் சொல்லுங்கள். நெற்றியில் இருக்கும் சுழியையும் கிட்டத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். குதிரையின் பாஸ்போர்ட்டில் சுழி எங்கெங்கே என்று வரைந்திருப்பார்கள், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார், இரண்டு படத்தையும் எனக்கு அனுப்பினால் காட்டிவிட்டுச் சொல்கிறேன்.