புதுப்பிப்பு: மாடிப்படி டூவே சுவிட்ச் சரியாகிவிட்டது

மாடிப்படி விளக்கை மேலிருந்தும் கீழிருந்தும் போட்டு அணைக்க இரண்டு டூவே சுவிட்ச் இருக்கின்றன. கீழ் சுவிட்ச் போட்டிருந்தால்தான் மேல் சுவிட்ச் வேலை செய்கிறது, ஏன் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. “காமன் முனையைப் பாருங்கள்” என்றவர் சொன்னதுதான் சரி. மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினேன். சுவிட்சில் மூன்று முனைகள். என்னுடையதில் நடுவில் இருப்பது காமன், அதாவது தட்டும்போது ஓர முனைகள் இரண்டில் ஒன்றோடு மாறி மாறி இணையும் பொது முனை. கீழே சப்ளை வயரும், மேலே பல்புக்குப் போகும் வயரும் அதில்தான் வர வேண்டும். மேலே அந்த வயர் ஓர முனையில் இருந்தது. மாற்றியதும் எந்தப் பக்கம் தட்டினாலும் எரிகிறது, அணைகிறது.

எதிர்பாராதது ஒன்று: அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக மினுக்கியது. ஹோல்டரில் வைத்தால் டெஸ்டர் எரிந்தது! பழைய வயரிங்கில் சுவிட்ச் வழியாகப் போனது பேஸ் (கரண்ட் வரும் வயர்) இல்லை, நியூட்ரல் (திரும்பிப் போகும் வயர்). அதனால் அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருந்தது. அதில் நான் கை வைக்கவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து ஜங்ஷன் பாக்ஸில் மாற்றிக் கொடுத்தார். இப்போது அணைத்தால் சுத்தமாக இருட்டு.