ஹெம்பெடு பூமியும் நிலவேம்பும் ஒன்றா?

செந்தூல்காரன்: பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் மலாய்க்கார அம்மா ஒருவர் ‘ஹெம்பெடு பூமி’ என்று ஒரு கட்டு இலை விற்றார். வீட்டுக்குக் கொண்டுவந்தால் அம்மா ‘இது சிறியாநங்கைடா’ என்கிறார். மாமா ‘நிலவேம்பு’ என்று சாதிக்கிறார். யார் சொல்வது சரி?

பினாங்கு அக்கா: மூன்றும் ஒரே செடிதான் தம்பி. மலாயில் ஹெம்பெடு என்றால் பித்தம். மண்ணுக்கே பித்தம் சுரந்த மாதிரி கசப்பு! நாம் நிலத்து வேம்பு என்றோம். வடமொழியில் பூநிம்பம், அதற்கும் அதே பொருள்தான்.

மூலிகைப்பித்தன்: அக்கா, அந்தப் பூநிம்பம்தான் வம்பே. இமயமலைச் சிராயிதாவுக்கும் அதே பெயர் உண்டு, அது வேறு குடும்பம். பெயரை வைத்துச் செடியை முடிவு செய்யாதீர்கள். நிலவேம்புக்கு வேப்பமரம்கூட உறவில்லை, ஆடாதோடைதான் சொந்தம்.

கெப்போங்வாசி: பெயரை விடுங்கள். டிங்கிக் காய்ச்சலுக்கு இதைவிட மருந்து ஏது? 2012-இல் தமிழ்நாட்டு அரசே கொடுத்ததே!

மூலிகைப்பித்தன்: கொடுத்தது நிலவேம்புக் குடிநீர், வெறும் இலைக் கஷாயம் இல்லை. நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் சேர்ந்து மொத்தம் 9 சரக்கு. அதுவும் மனித உடம்பில் டிங்கிக் கிருமியைக் கொல்லும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் பலருக்கு ஆபத்தே வரும். ரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் கஷாயத்தோடு உட்கார்ந்துவிடாதீர்கள்.

கெப்போங்வாசி: தோட்டத்தில் எங்கள் பாட்டி மாதம் ஒருமுறை மூக்கைப் பிடித்து ஊற்றுவார். நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்?

பினாங்கு அக்கா: எனக்கும்தான் ஊற்றினார்கள், பனைவெல்லத்தைக் காட்டி ஏமாற்றி! ஆனால் அப்போது நாம் சர்க்கரை மாத்திரை சாப்பிடவில்லையே. என் நாத்தனார் மாத்திரையும் போட்டு, இதையும் தினம் குடித்து, சௌராஸ்தா மார்க்கெட்டில் மீன் வாங்கும்போதே கண் இருட்டி விழுந்தார். இதுவும் சர்க்கரையை இறக்கும். பிள்ளைத்தாய்ச்சிகள் தொடவே கூடாது.

கெப்போங்வாசி: சரி, அது டாக்டரிடம் சொல்லாததன் தப்பு. செடி மேல் பழி போடாதீர்கள்.

செந்தூல்காரன்: ஐயா, அக்கா, என் கேள்வி?

மூலிகைப்பித்தன்: தண்டை விரலில் உருட்டுங்கள். நாலு மூலை தட்டுப்படுகிறதா? பூ சின்னதாக, வெள்ளையில் ஊதாக் கறையோடு இருக்கும்.

செந்தூல்காரன்: நாலு மூலை இருக்கிறது. பூ இல்லை. ஒரே ஒரு இலை மென்றேன், இரண்டு கிளாஸ் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் டீ) குடித்தும் நாக்கு இன்னும் கசக்கிறது. மாமா சிரிக்கிறார்.