கல் பொடியில் தங்கம் இறங்கவில்லை, அவசரம்!

கொருக்குப்பேட்டை_07: வணக்கம். பொடியை உப்புத் தண்ணீரில் போட்டு கார்பன் குச்சி வைத்து 12 வோல்ட் விட்டேன். மூன்று நாளாச்சு, தங்கம் வரவில்லை. மைனஸ் குச்சியில் கறுப்புச் சேறு மட்டும் ஒட்டுகிறது. எங்கே தப்பு? கல்லைக் கொடுத்த பார்ட்டிக்குச் சனிக்கிழமை பதில் சொல்லணும்.

மணலி_லேப்: என்ன கல்? எவ்வளவு? தங்கம் இருக்கிறது என்று யார் பார்த்துச் சொன்னது? கரைசலில் ஸ்டானஸ் குளோரைடு ஒரு சொட்டு விட்டீர்களா? ஊதா வந்தால்தான் தங்கம் கரைந்திருக்கிறது.

பட்டறைக்காரன்: தம்பி, கரண்ட்டெல்லாம் வேலைக்கு ஆகாது. ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) போடு. முப்பது வருஷமா சௌகார்பேட்டையில் நகைப் பட்டறையில் கூட்டின மண்ணிலிருந்து தங்கத்தை அப்படித்தான் எடுக்கிறேன்.

உலோகப்பித்தன்: பட்டறை மண்ணும் சுரங்கக் கல்லும் ஒன்றா? இதே கேள்விக்கு இங்கே நாலு தடவை எழுதியாச்சு, தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. பட்டறை மண்ணில் தங்கம் வெளியே கிடக்கும். சல்பைடுக் கல்லில், அதாவது கந்தகம் சேர்ந்த கல்லில், பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமத்துக்குள் பூட்டிக் கிடக்கும். உப்புத் தண்ணீரில் கரண்ட் விட்டால் வரும் குளோரின்தான் தங்கத்தைக் கரைக்கணும்; அதை முதலில் சல்பைடே தின்றுவிடும். தப்பித்தவறி கொஞ்சம் தங்கம் கரைந்தாலும் அதே பைரைட் மேல் திரும்பப் படிந்துவிடும்.

பட்டறைக்காரன்: பைரைட்டா இல்லையா என்று தம்பி இன்னும் சொல்லவே இல்லையே?

கேஜிஎஃப்_பேரன்: எங்க தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனவர். சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைப்பதுதான் ஒரே வழி. அந்தச் சுரங்கத்தின் கழிவு மண்மேடுகளில் இன்னமும் தங்கம் இருக்கிறது.

உலோகப்பித்தன்: சயனைடு 1887லேயே வந்த முறை, யாரும் மறுக்கவில்லை. ஆனால் பூட்டிய தங்கத்தை அது தொடவே தொடாது. கோலார் 2001லேயே மூடியாச்சு, மண்மேட்டுக் கதைக்கு வேறு இழை போடுங்கள்.

கேஜிஎஃப்_பேரன்: மூடினது தங்கம் தீர்ந்ததாலா, செலவு கட்டாததாலா? அதைச் சொல்லுங்க முதல்ல.

கொருக்குப்பேட்டை_07: 2 கிலோ. சாம்பல் நிறம், நடுவில் வெள்ளி மாதிரி மினுக்கு. ரிப்போர்ட்டில் டன்னுக்கு 5 கிராம். சொட்டு விட்டேன், ஊதா வரலை. அப்புறம் சொல்ல மறந்துட்டேன், நேற்று கொஞ்சத்தை மொட்டை மாடியில் இரும்புச் சட்டியில் வறுத்தேன். செங்கல் நிறமாச்சு. பூண்டு வாசனை அடிச்சுது.

மணலி_லேப்: பூண்டு வாசனையா! உடனே நிறுத்துங்க. அது ஆர்சனிக். உங்கள் மினுக்கு ஆர்சனோபைரைட்டாகத்தான் (இரும்பு, ஆர்சனிக், கந்தகம் சேர்ந்த கனிமம்) இருக்கும். வறுத்தால் ஆர்சனிக் ட்ரையாக்சைடு என்ற விஷம் புகையாகக் கிளம்பும். ஆலைகளில் அந்தப் புகையைப் பிடித்துக்கொண்டுதான் வறுப்பார்கள். இல்லையென்றால் அழுத்தக் கலனில் ஆக்சிஜன் கொடுத்தோ, பாக்டீரியாவை விட்டோ சல்பைடை உடைப்பார்கள். சயனைடு அதற்குப் பிறகுதான். மாடியில் நடக்கிற காரியமில்லை. கணக்கையும் பாருங்க: டன்னுக்கு 5 கிராம் என்றால் 2 கிலோவில் 10 மில்லிகிராம். மொத்தமும் வந்தாலும் மூக்குத்தித் திருகாணிக்குக் காணாது.

பட்டறைக்காரன்: இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் திராவகமே சொல்லியிருக்க மாட்டேனே தம்பி.

கொருக்குப்பேட்டை_07: லேப்பில் ஆர்சனிக் என்று உறுதி பண்ணிட்டாங்க. பொடியைப் பார்ட்டியிடமே கொடுத்துட்டேன். தொண்டை கரகரன்னு இருக்கு, டாக்டரைப் பார்த்தாச்சு. நன்றி.

மணலி_லேப்: அந்தச் சட்டியை என்ன பண்ணினீங்க?

மணலி_லேப்: ஹலோ?