‘ராயபுரம் வீடு’ குழுவில் சாம் லாங்ஃபோர்ட்

ஞாயிறு, காலை 7:10

பெரியப்பா: சஞ்சய் எழுந்துட்டானா? நேத்து பயிற்சி முடிஞ்சு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு போனான்.

கவிதா: எழுந்துட்டான் பெரியப்பா. இட்லி அப்படியே ஆறுது. அடுத்த வாரம் மோதப் போற பையன் இவனை விட ஒரு தலை உயரமாம். குள்ளமா இருக்கறவனுக்கு பாக்சிங் வராதுன்னு யாரோ சொல்லிட்டாங்க.

பெரியப்பா: யார் சொன்னது?

கார்த்தி (ஹாலிஃபாக்ஸ்): அக்கா, சாம் லாங்ஃபோர்ட் உயரம் 5 அடி 7 அங்குலம்தான். ஹெவிவெயிட், அதாவது அதிக எடைப் பிரிவு ஆளுங்களையே சாய்ச்ச பாக்சர்.

பெரியப்பா: டேய் கார்த்தி! இந்தப் பேரைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு. எங்க வாத்தியார் வாய்ல ஜோ லூயிஸ் பேருக்கு முன்னாடி இந்தப் பேர்தான் வரும்.

கவிதா: நீ இன்னும் தூங்கலையாடா?

கார்த்தி: இங்க சனி ராத்திரி பத்தரைதான்கா. லாங்ஃபோர்ட் நான் இருக்கற கனடா நோவா ஸ்கோஷியாக்காரர். போன மாசம் அவர் ஊருக்குக் கார்ல போய்ட்டு வந்தேன். வெய்மவுத் ஃபால்ஸ். சிசிபூ ஆத்தோரம், சுத்தி மரம், தள்ளித் தள்ளிச் சில வீடுங்க. அமெரிக்கச் சுதந்திரப் போர்ல பிரிட்டிஷ் பக்கம் நின்ன கறுப்பின மக்கள் 1783 வாக்குல இந்தப் பக்கம் வந்து குடியேறினாங்க. அந்த வழியில வந்த குடும்பம். சின்ன வயசுலேயே வீட்டை விட்டுக் கிளம்பி பாஸ்டன் போய்ச் சேர்ந்தார்.

சஞ்சய்: அங்க பாக்சிங் கத்துக்கிட்டாரா மாமா?

கார்த்தி: முதல்ல ஜிம்மைக் கூட்டித் துடைக்கற வேலைடா. ஜோ உட்மேன்னு ஒரு மருந்துக்கடைக்காரர் நடத்தின இடம். வேலை நேரம் போக அங்கேயே கையுறை மாட்டினார். 1902ல தொழில்முறை சண்டை. அடுத்த வருஷம் டிசம்பர்லயே ஜோ கான்ஸைத் தோக்கடிச்சிட்டார். கான்ஸ் அப்ப லைட்வெயிட் உலக சாம்பியன்.

சஞ்சய்: அப்ப இவர் சாம்பியன் ஆயிட்டாரா?

கார்த்தி: இல்ல. இவர் எடை அந்தப் பிரிவு எல்லையைத் தாண்டியிருந்துச்சு. அதனால பட்டம் கைமாறல.

பெரியப்பா: 1904ல வெல்டர்வெயிட் சாம்பியன் ஜோ வால்காட்டோட 15 ரவுண்டு. பார்படோஸ்காரர், அவரும் குட்டைதான், பாறை மாதிரி இருப்பார். டிரான்னு அறிவிச்சாங்க. டிரான்னா பெல்ட் இருக்கறவன் இடுப்புலயே இருக்கும் சஞ்சய்.

சரோஜா அத்தை: காலங்காத்தால எல்லாரும் என்ன இவ்ளோ டைப் பண்றீங்க?

பெரியப்பா: சரோஜா, நீயும் படி. 1906ல, பாஸ்டன் பக்கத்துல செல்சீன்னு ஒரு ஊர். ஜாக் ஜான்சனோட மோதினார். ஜான்சன் 10 கிலோவுக்கு மேல எடை கூட. லாங்ஃபோர்ட் நல்லா அடி வாங்கினார், ஆனா 15 ரவுண்டும் நின்னார். தீர்ப்பு ஜான்சனுக்கு. அது நியாயமான தீர்ப்புதான்.

கார்த்தி: அதுக்கப்புறம் ஜான்சன் அவரோட ரிங்ல ஏறவே இல்ல பெரியப்பா.

பெரியப்பா: ஜான்சனைப் பத்திப் பேசறப்ப பார்த்துப் பேசு. வெள்ளைக்கார சாம்பியன்கள் கறுப்பனோட மோத மாட்டேன்னு வெளிப்படையா சொன்ன காலம். ஹெவிவெயிட் சாம்பியன் டாமி பர்ன்ஸைத் துரத்திக்கிட்டு ஆஸ்திரேலியா வரைக்கும் போய், 1908ல சிட்னியில ஜெயிச்சுப் பட்டத்தை வாங்கினவர் ஜான்சன்.

கார்த்தி: அதுதான் எனக்கு வலிக்குது. எந்தக் கதவைத் தட்டித் தட்டி உள்ள போனாரோ, அதே கதவை லாங்ஃபோர்டுக்குச் சாத்திட்டார். ரெண்டு கறுப்பர்கள் மோதினா டிக்கெட் விக்காதுன்னு காரணம். சாம்பியனா இருந்தப்ப ஒரே ஒரு கறுப்பருக்குத்தான் வாய்ப்புக் கொடுத்தார். 1913ல, பாரிஸ்ல, ஜிம் ஜான்சன்னு ஒருத்தர். அந்த இடம் லாங்ஃபோர்டோடது.

பெரியப்பா: அதுக்கு என்கிட்ட பதில் இல்லடா.

கார்த்தி: 1915ல ஹவானாவுல ஜான்சன் ஜெஸ் வில்லார்டுகிட்ட தோத்தார். அப்புறம் 1937ல ஜோ லூயிஸ் ஜெயிக்கற வரைக்கும், 22 வருஷம், எந்தக் கறுப்பருக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத வாய்ப்பே கிடைக்கல. லாங்ஃபோர்ட், ஹாரி வில்ஸ், ஜோ ஜீனெட், சாம் மெக்வே எல்லாம் வேற வழியில்லாம ஒருத்தரோட ஒருத்தர் திரும்பத் திரும்ப மோதிக்கிட்டாங்க. இந்த மூணு பேரோடயும் லாங்ஃபோர்ட் தலைக்குப் பத்துத் தடவைக்கு மேல மோதியிருக்கார். அவங்களுக்குன்னு தனியா ஒரு ‘கறுப்பர் ஹெவிவெயிட் பட்டம்’ வேற. பத்திரிகைக்காரங்க அவர் தோலைக் காட்டி வெச்ச பட்டப்பேர் ஒண்ணு இருக்கு. அதை இங்க எழுத எனக்கு மனசு வரல.

பெரியப்பா: எழுதாதே. ஹெவிவெயிட் சாம்பியனா இருந்த ஜாக் டெம்ப்சி, அந்த முரடன், பின்னாடி சுயசரிதையில ஒத்துக்கிட்டார். லாங்ஃபோர்டோட மோத பயந்தேன்னு.

சஞ்சய்: தாத்தா, அவ்ளோ குட்டையா இருந்துக்கிட்டு எப்படி அடிச்சார்?

பெரியப்பா: அப்படிக் கேளு. உயரமானவனுக்குத் தூரம்தான் சொத்து. தள்ளி நின்னு ஜாப், அதான் கையை நேரா நீட்டிக் குத்தறது, போட்டுக்கிட்டே இருப்பான். லாங்ஃபோர்ட் அந்தத் தூரத்தைக் காலால தின்னுடுவார். தலையை ஒரே இடத்துல வைக்காம உள்ள வருவார். உள்ள வந்துட்டா நீளக் கையை மடக்க இடம் ஏது? அப்பதான் கையை மடக்கிப் பக்கவாட்டுல போடற குட்டை ஹூக் விலாவுல இறங்கும். அவருக்குத் தோள் அகலம், உயரத்துக்குக் கை நீளம் அதிகம். நீ பின்னால பின்னால போறே, அதனாலதான் உனக்கு விழுது.

சரோஜா அத்தை: கடைசில அவர் என்ன ஆனார்?

கார்த்தி: கண்ணு போயிடுச்சு அத்தை. 1917ல ஃப்ரெட் ஃபுல்டனோட நடந்த சண்டையில ஒரு கண்ணு. இன்னொண்ணும் மங்கிக்கிட்டே வந்துச்சு. அந்த நிலைமையில 1922ல டைகர் ஃபிளவர்ஸை ரெண்டாவது ரவுண்டுல சாய்ச்சார். அந்த ஃபிளவர்ஸ் 1926ல மிடில்வெயிட் உலக சாம்பியன் ஆனவர். 1923ல மெக்சிகோ போய் அந்த நாட்டு ஹெவிவெயிட் பட்டத்தையே வாங்கினார். ஆளைப் பார்க்க வேண்டியதில்ல, கைக்குத் தட்டுப்பட்டா போதும்னு சொன்னாராம்.

சரோஜா அத்தை: ஐயோ. கவிதா, இந்த விளையாட்டு நம்ம பையனுக்கு வேணுமா? கண்ணு போனா யார் திருப்பித் தருவா?

கவிதா: எனக்கும் அடிவயிறு கலங்குது அத்தை.

பெரியப்பா: உங்க பயம் நியாயம்மா. அந்தக் காலத்துல 20 ரவுண்டு. கண்ணு வீங்கினாலும் அடுத்த வாரம் வேற ஊர்ல சண்டை, இல்லன்னா சோறு இல்ல. அவர் போட்ட சண்டை 250க்கும் மேல. இவனுக்கு 3 ரவுண்டு, ஹெட்கார்டு, முன்னாடியும் பின்னாடியும் டாக்டர். பார்வையில சின்னக் குறைன்னு தெரிஞ்சா நானே கையுறையைக் கழட்டிடுவேன். இது உன் மேல சத்தியம் சரோஜா.

கார்த்தி: இன்னொண்ணு அத்தை. 1944ல ஆல் லேனின்னு ஒரு நியூயார்க் பத்திரிகைக்காரர் அவரைத் தேடிப் போனார். நியூயார்க்லயே ஹார்லம்ங்கற பகுதியில பல பேர் ‘அவர் செத்துட்டாரே’ன்னாங்க. அதே ஹார்லம்ல, ஒரு இருட்டு அறையில, கண்ணு தெரியாம தனியா உட்கார்ந்திருந்தார். லேனி எழுதினதைப் படிச்சு ஜனங்க பணம் அனுப்பினாங்க. கடைசி வரைக்கும் மாசாமாசம் வர்ற மாதிரி ஒரு நிதி வெச்சாங்க.

சரோஜா அத்தை: புலம்பினாரா?

கார்த்தி: இல்ல. எனக்காக யாரும் வருத்தப்பட வேண்டாம், உலகம் பூரா சுத்தினேன், போட்ட ஒவ்வொரு சண்டையும் சந்தோஷம்னு சொன்னாராம். 1956 ஜனவரியில பாஸ்டன் பக்கத்துல இருக்கற கேம்பிரிட்ஜ்ல இறந்தார். அதுக்கு முந்தின வருஷம்தான், உலகப் பட்டம் இல்லாமலே ‘தி ரிங்’ பத்திரிகையோட புகழ் மண்டபத்துல அவரைச் சேர்த்தாங்க.

சரோஜா அத்தை: அவர் சொல்லலாம் சந்தோஷம்னு. எனக்கு மனசு ஆறல.

சஞ்சய்: தாத்தா, உள்ள வர்றப்ப இடது கை எங்க இருக்கணும்?

பெரியப்பா: டைப் பண்ணிச் சொல்ல முடியாதுடா. சாயந்திரம் அஞ்சரைக்கு மொட்டை மாடிக்கு வா. கயிறு எடுத்துக்கிட்டு வா. கவிதா, நீயும் வந்து பாரு.

கவிதா: வர்றேன் பெரியப்பா. இப்பதான் மூணாவது இட்லி கேக்கறான்.